மேல்மாடக் கட்டணமும் கீழறைப் பயணமும்

"மேலே படுக்கக் கொடுத்த காசு, நாங்கள் கீழே இறங்கின பிறகும் மேலேயே படுத்திருக்கிறதா?"

கேட்டவள் முன்பல் விழுந்த ஒரு சிறுமி. கேட்ட இடம் நமது பேரவை. அவளுக்கு விடை சொல்லவே இவ்வோலை எழுந்தது.

இறையருள் முன்னிற்க. கொண்டல்நாட்டு மலைகளுக்கும் முகில்களுக்கும் குடைநிழல் தந்தருளும் பேரரசி ஆதிமங்கை நாச்சியாரின் ஆணையால், தலைநகர் பொன்முடியிலிருந்து வான்துறை அமைச்சன் தாயன் நம்பி, மஞ்சூர்த் துறையில் வான்கலங்கள் செலுத்தும் வணிகச் சங்கத்தின் தலைவர், காற்றின் குணமறிந்த பெருமகனார் சேந்தன் கொற்றனார்க்கு வரைவது. தங்கள் துறை செழிக்க. தங்கள் பாய்கள் கிழியாதிருக்க. பருவக்காற்று தங்கள் சொற்கேட்டு நடக்க.

மஞ்சூர் நெசவாளர் தத்தன் என்பார் இடுப்பெலும்பு முறிந்து, பொன்முடி எலும்பு வைத்தியரை நாடி வரவேண்டியிருந்தது. அவர் மனைவி அல்லியங்கோதை, கூட்டமில்லாத காலத்திலேயே கறவைப் பசுவை விற்று, படுத்தபடி செல்லத்தக்க மேல்மாடத்தில் கணவர், தாம், அவையில் வினவிய அச்சிறுமியான மகள் என மூவருக்கு இடம் வாங்கினார். பயண நாளோ அறுவடைத் திருநாளாய் அமைந்தது. கலம் ஏறும் வேளையில் ஒரு மணமகன் கூட்டம் மேளத்தோடு வந்தது. தங்கள் ஆட்கள் அவர்களுக்கு மேல்மாடத்தைக் கொடுத்து, இம்மூவரையும் கீழறையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்த்தினர். ஒவ்வொரு தும்மலும் முறிந்த எலும்பைத் தொட்டுவிட்டே வெளியேறியது என்று, கட்டிலோடு அவைக்குத் தூக்கிவரப்பட்ட தத்தன் படுத்தபடியே கூறியபோது அவையோர் சிரித்தனர்; அவரும் சிரித்தார்; சிரித்ததிலும் அவருக்கு வலித்தது.

இறங்கியதும், இரு தளங்களின் கட்டணத்துக்கு இடையிலான மீதியை அல்லியங்கோதை கேட்டார். திருநாள் நெரிசலில் கீழறையின் விலை, அவர் முன்பு மேல்மாடத்துக்குக் கொடுத்த விலையளவு உயர்ந்துவிட்டதால் மீதி ஏதுமில்லை என்று பொன்முடியிலுள்ள தங்கள் கிளை மண்டபத்தார் விடையளித்தனர். கீழறையில் குளிர்காற்று புகாது, அந்தச் சுகத்துக்குத் தனிக்கட்டணம் வாங்கவில்லையே என்றும் சேர்த்துச் சொன்னார்களாம். அத்தனை சுகமென்றால் மாப்பிள்ளைக்கே அதைத் தந்திருக்கலாமே என்று அம்மையார் மறுமொழி கூறியதாக அறிகிறோம். பின்னர் சங்கத்தின் பெருந்தன்மையாக, அம்மாதத்துக்குள் கீழறையில் ஒருமுறை செல்ல ஓர் அனுமதி நறுக்கு தரப்பட்டது. அம்மாதம் முழுதும் எழுந்து உட்காரவே கூடாதென்பது வைத்தியரின் கட்டளை.

மீதிப்பொன் வந்தால்தான் திரும்பும்போதும் படுத்துச் செல்லலாம். உட்கார்ந்து சென்றால் சேர்ந்த எலும்பு மீண்டும் விலகும். இதனால் அக்குடும்பம் சத்திரத்திலேயே தங்கிவிட்டது.

கொற்றனாரே, கீழே அனுப்பியதைக்கூட அவர்கள் பொறுத்திருப்பார்கள். ஒரு மெத்தையும் ஒரு குவளை வெந்நீரும் தந்து, பொறுத்தருள்க என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அதற்குச் செலவு மிகக் குறைவு. இறைவன் மகிழ்வது பெரும்பாலும் அத்தகைய சிறு செலவுகளில்தான்.

ஆகவே பேரரசியார் ஆணையிடுவது: கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டோர்க்கு, அவர்கள் இடம் வாங்கிய நாளில் இருந்த கீழ்த்தள விலையைக் கொண்டே மீதி கணிக்கப்படுக. அது இறங்கும் படியிலேயே, கேட்பதற்கு முன்பாகவே தரப்படுக. பயணி தாமே விரும்பினாலன்றி நறுக்காக அல்ல, பொன்னாகவே தரப்படுக.

இதுவரை எழுதி முத்திரையிட அரக்கை உருக்குகையில், சத்திரத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அல்லியங்கோதை கஞ்சி வாங்கச் சென்றிருக்க, தத்தனும் மகளும் உறங்கியிருக்க, எவரோ தலைமாட்டில் ஒரு முடிப்பை வைத்துச் சென்றிருக்கிறார். அவிழ்த்துப் பார்த்தால் நேரிய கணக்கின்படி வரவேண்டிய மீதி, கூடவுமில்லை, குறையவுமில்லை. அவ்வளவு சரியாகத் தொகை அறிந்தவர் தங்கள் கிளை மண்டபத்தாருள் ஒருவராகவே இருக்கவேண்டும். யாரென்று நாம் விசாரிக்கவில்லை; தாங்களும் விசாரிக்கவேண்டாம்.

ஆயினும் கடன் சங்கத்துடையது. தீர்த்ததோ ஒருவரின் சொந்த மடி. ஆதலின் இவ்வோலை கண்ட மறுநாள், அதே தொகையைக் கிளை மண்டபத்து மேசைமீது வைக்கச்செய்க. உச்சிவேளையில் எல்லோரும் உணவுக்கு வெளியேறுக, காவலனும் செல்க, கதவு திறந்திருக்க. அவரவர் விரும்பியபோது ஒவ்வொருவராகத் திரும்பி வரட்டும். உரியவரல்லாத கை எடுத்துவிடுமோ என்று சிலர் அஞ்சலாம். நாம் அஞ்சவில்லை. மாலையில் மேசை வெறுமையாயிருந்தால், எடுத்தவர் யாரென்று எவரும் கேளாதிருக்க. கணக்கில் பெயரின்றி, தீர்ந்தது என்று மட்டும் எழுதுக.

இது கொண்டல் முத்திரை பெற்ற ஆணை. மழை தவறாதிருக்க.