துடைக்காமல் விட்ட சந்தனம்

என் அன்பு மச்சான் பெரியகருப்பு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. வில்லாபுரத்துக்குத் தெற்கே நாம் சேர்ந்து வேலை பார்த்த விமானத் திடலில் இப்போது வேறு விமானம் நிற்கிறது. உனக்கு எழுதுவதை ஊரே படிக்கட்டும்.

போன ஆயுத பூசைக்கு நாம் இருவரும் அந்தச் சின்ன விமானத்தைக் கழுவி மாலை போட்டோம். சந்தனம் வைத்தது நான். இறக்கையில் துருத்திக்கொண்டிருக்கும் குழாயின் வாயிலும் கட்டியாக ஒரு பொட்டு வைத்தேன். அதற்குள் காற்றுப் போனால்தான் பைலட்டுக்கு வேகம் காட்டும் முள் நகரும் என்பது எனக்குத் தெரியாதா? பூசையன்றே துடைப்பது ஆகாது, விடிந்ததும் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

விஜயதசமிக்கு விமானத்தை ஒரு சுற்றாவது ஓட்டியாக வேண்டும் என்று கேட்டவர்களும் நாம்தானே? வெள்ளைக்கார பைலட் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். "எல்லாத்தையும் துடைச்சுட்டியா மாப்ள?" என்று கேட்டாய். "துடைச்சாச்சு மச்சான், நீ ஏறு" என்றேன். மாலையைத்தான் எடுத்திருந்தேன், குழாயை மறந்தே போனேன். என் பேச்சை நம்பிச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் தடவை பறக்கப் போகிற சந்தோஷத்தில் பின் சீட்டிலிருந்து கையாட்டினாய்.

ஒரு பனை உயரம் எழும்பியிருக்கும். முள் அசையாததைக் கண்டு பைலட் பதறியிருக்க வேண்டும். உடனே தரையிறக்கப் பார்த்தார் போல, இஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது. விமானம் மூக்குக் குப்புற விழுந்தது. இறக்கை கண்மாய்க் கரையில் மோதிப் பிய்ந்தது. அடுத்த நொடி தீ. நான் ஓடி வந்தபோது பைலட் தலை நசுங்கிக் கிடந்தார். உன் இடுப்பு வாரை என்னால் கழற்ற முடியவில்லை. "கால அறுத்தாச்சும் இழுடா மாப்ள!" என்று கத்தினாய். இழுத்தேன். உன் கைத்தோல்தான் என் கையோடு வந்தது. தீ முகத்தில் அறைந்து என்னைப் பின்னால் தள்ளியது.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேள். பிய்ந்து கிடந்த இறக்கையில் அந்தக் குழாயைப் பார்த்தேன். அதன் வாயில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. நீ எரிந்துகொண்டிருக்கும்போதே அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

விசாரணையில் உன் கையெழுத்தைக் காட்டி, சரியாகச் சோதிக்காதவன் நீ என்று எழுதினார்கள். நான் வாயே திறக்கவில்லை. வாடிப்பட்டிச் சந்தையில் ஒருவன், "ஒம் மச்சான்தானடா அந்த வெள்ளக்காரனையும் சேத்துக் கொன்னான்" என்றான். பல் இரண்டு தெறிக்க அவனை அடித்தேன். அந்த அடி யாருக்கு விழுந்திருக்க வேண்டும், மச்சான்?

எனக்கும் உன் தங்கை பேச்சிக்கும் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. அப்படியே உன் மூக்கு. நாளைக்குப் பேர் வைக்கிறோம். உன் பேரை வைக்கலாம் என்றேன். "ஒரு உசுரக் கொன்னவன் பேரு எம் புள்ளைக்கு வேணாம்! எங்கண்ணன் இம்புட்டு அசட்டையா இருப்பான்னு நான் நெனைக்கவே இல்லையே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போதும் நான் சும்மாதான் நின்றேன். நானும் ஒரு மனுஷனா?

அவளுக்குப் படிக்கத் தெரியாது. இன்றைக்கு அவள் முன் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். அரிவாள்மனையைத் தூக்கி வீசினாலும் நகர மாட்டேன். அப்புறம் அதிகாரியிடமும் போய்ச் சொல்வேன். இது சத்தியம். நாளைக்கு அவள் உன் பேரைச் சொல்லியே பிள்ளையைக் கூப்பிடுவாள். அவனுக்கு அப்பன் என்று என்னைக் காட்டுவாளா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியவன், உன்னைக் கொன்றவன்,
உன் மாப்பிள்ளை சோணைமுத்து