அக்கா எந்தப் பருவத்தில் வரலாம்?

பால்டிமோர்
4 மே 1987

அன்புத் தங்கை செவஸ்திக்கு,

அக்கா ரிகோபூலா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஆடுகள், கோழிகள், பக்கத்து வீட்டு ஃபூலாவின் வாய், எல்லாம் நலம்தானே?

மினாஸ் என்னை விதவையாக்கிவிட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. போன மாதத்தோடு தையல் ஆலையிலும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு கேக்கும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து, கைதட்டி வழியனுப்பினார்கள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதும், சமையலறைக்குப் போய்விட்டு மறுபடி வந்து பார்ப்பதுமாக நாள் ஓடுகிறது.

அதனால் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். ஊருக்கு வரப்போகிறேன். இருபத்தொன்பது வருடமாக மினாஸ் "அடுத்த வருஷம் போலாம்டி" என்று சொல்லியே காலத்தை ஓட்டினார். இப்போது அவர் இல்லை, என் முழங்காலும் பாதி இல்லை. ஒரே ஒரு தடவைதான் வர முடியும், ஒரு மாதம்தான் தங்க முடியும். எனவே நல்ல பருவமாகப் பார்த்து வரவேண்டும்.

பயண அலுவலகத்துப் பெண் வண்ண அட்டை ஒன்று கொடுத்தாள். மத்தியதரைக் கடல் தீவுகளுக்கு மே, ஜூன் நல்லது, செப்டம்பரும் நல்லது, ஆகஸ்டில் கூட்டம் என்று அதில் போட்டிருக்கிறது. நம் தீவு கார்பதோஸைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? நீ சொல். எனக்கு ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழாவில்தான் ஆசை. விதவைக்குக் காசுமாலை ஏது என்பாய். போட்டுக்கொள்ள வேண்டாம், மூத்தவள் என்று அம்மா எனக்குக் கொடுத்ததைப் பெட்டியைத் திறந்து ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்தால் போதும். பிறகு என் வீட்டு வாசலில் உட்கார்ந்து காற்று வாங்க வேண்டும்.

உடனே பதில் போடு.

உன் அக்கா
ரிகோபூலா

*

கார்பதோஸ்
2 ஜூன் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

செவஸ்தி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நான் நலம். ஆடுகள் நலம். ஃபூலாவின் வாய் பற்றிக் கேட்டிருந்தாய், அதற்கு என்ன குறை, ஊருக்கே போதும்.

நீ வருவதாக எழுதியதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்தோஷம்தான். ஆனால் ஆகஸ்ட் மட்டும் வேண்டாம் அக்கா. காற்று எப்படி அடிக்கும் என்பதை மறந்துவிட்டாயா? போன ஆகஸ்டில் கப்பல் துறைக்கு எதிரே வந்து நின்றது, அலையைப் பார்த்தது, அப்படியே ரோட்ஸ் தீவுக்குப் போய்விட்டது. செருப்புத் தைக்கும் நிகித்தாவின் மாமியார் அதில்தான் இருந்தாள். மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்து, "ஊரக் கண்ணால பார்த்தேன், இறங்கத்தான் விடல, பாவிங்க" என்று துறையிலேயே உட்கார்ந்து அழுதாள். நிகித்தாவுக்கு அந்த மூன்று நாளும் சொர்க்கம் என்பது வேறு கதை.

போதாததற்கு ஜெர்மன்காரர்கள் வந்து ரொட்டி சுடும் அடுப்பையும் அதற்குள் தலையை விட்டிருக்கும் என்னையும் படம் பிடிக்கிறார்கள். தொட்டியில் தண்ணீர் அடி தட்டிவிடும். திருவிழாவில் எள் போட்டால் எள் விழாது. உன் முழங்காலை யாராவது மிதித்துவிட்டால் என்ன செய்வது?

வெயில் தாழ்ந்த பிறகு வருவதைப் பற்றி யோசிக்கலாம்.

"என் வீடு" என்று எழுதியிருந்தாய். ஆமாம், உன் வீடுதான். பத்திரமாக இருக்கிறது.

தங்கை
செவஸ்தி

*

பால்டிமோர்
1 ஜூலை 1987

அன்பான செவஸ்தி,

உன் கடிதத்தைப் படித்து, மகள் கலியோப்பிக்கும் படித்துக் காட்டிச் சிரித்தேன். அம்மாவின் பெயரை அவளுக்கு வைத்தேன், இங்கே எல்லாரும் அவளைக் கெல்லி என்கிறார்கள். நம் எழுத்து தெரியாததால் சித்தியின் கடிதத்தை அவளால் படிக்க முடியாது. கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

சரி, ஆகஸ்ட் வேண்டாம். அப்படியானால் அக்டோபர். கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டம் வடிந்துவிடும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. அந்தப் பெண் சீட்டுப் போட்டுவிடட்டுமா என்று கேட்கிறாள். உன் வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறேன்.

அம்மாவின் கடைசி எட்டு வருடமும் நீதான் பார்த்துக்கொண்டாய். அடக்கத்துக்குக்கூட நான் வரவில்லை. கல்லறைக்கு வந்து ஒரு விளக்கு ஏற்ற வேண்டும். அதையும் மனதில் வைத்து நாள் சொல்.

ரிகோபூலா

*

கார்பதோஸ்
28 ஜூலை 1987

அன்புள்ள அக்காவுக்கு,

அக்டோபர் என்று எழுதியவளுக்கு உழவு என்று ஒன்று இருப்பது தெரியுமா? முதல் மழை விழுந்ததும் ஊரே கீழ்வயலுக்கு இறங்கிவிடும். நானும் கதவைப் பூட்டிக்கொண்டு வயல் குடிசையில்தான் கிடப்பேன். உனக்கு யார் காப்பி போட்டுத் தருவார்கள்? மழைக்கு முன்னால் கூரைக்குப் புது மண் போட்டு மிதிக்க வேண்டும். இந்த வருடம் மிதிக்க ஆள் கிடைக்கவில்லை, ஒழுகும். பூரான் வேறு வரும்.

நவம்பரில் ஒலிவக்காய் பறிப்பு. டிசம்பர், ஜனவரியைப் பற்றிப் பேசவே வேண்டாம், கப்பல் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. பிப்ரவரியில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஈஸ்டர் சமயத்தில் வரலாம்தான், ஆனால் வெள்ளையடிக்க வீட்டுச் சாமான் முழுவதும் தெருவில் கிடக்கும். மே மாதம் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருப்பேன், அதற்குள் இந்த வருட மே போய்விட்டதே.

இன்னும் ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளேன். அவசரம் என்ன?

இங்கே எனக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை. காரணம் கேட்காதே. கப்பல் ஊதினால் போதும், துணியைப் பாதி அலசினபடி விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்று, யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறேன். காற்று இப்படி அடித்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

தங்கை
செவஸ்தி

*

பால்டிமோர்
6 செப்டம்பர் 1987

செவஸ்தி,

இங்கே நம் ஊர்ச் சங்கத்தில் மாதா திருநாள் விருந்து நடந்தது. ஃபூலாவின் கொழுந்தன் புதிதாக வந்திருக்கிறான். எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரிகோபூலாக்கா, உங்கள மாதிரி மனசு யாருக்கு வரும்? மூத்த பொண்ணாப் பொறந்தும், அம்மா வீட்டையும் காசுமாலையையும் தங்கச்சிக்கு எழுதிக் குடுத்துட்டீங்களே! ஊர்ல உங்க கடுதாசியப் பத்தித்தான் பேச்சு."

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

நான் உனக்கு எந்தக் கடிதத்தில் அப்படி எழுதினேன்? எந்தத் தேதியில்?

பருவத்தைப் பற்றி இப்போது எழுதாதே. இதற்குப் பதில் சொல்.

ரிகோபூலா

*

கார்பதோஸ்
9 அக்டோபர் 1987

அக்கா,

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். எந்தப் பருவத்துக்கும் ஒரு குறையும் இல்லை. கூரைக்கு மண் போட்டாகிவிட்டது. என் இடுப்பு பிப்ரவரியிலும் நன்றாகத்தான் இருக்கிறது.

நீ எழுதவே இல்லை. அப்படி ஒரு கடிதம் கிடையாது.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், மாதா திருவிழா. வழக்கம்போலக் குமரிகள் காசுமாலை போட்டு வரிசையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மூத்த மகள்கள். நான் வழக்கம்போலக் குடத்தோடு ஓரத்தில் நின்றேன். முப்பது வருடமாக அந்தக் குடம் என்னிடம்தான். ஃபூலா உட்கார்ந்த இடத்திலிருந்து கத்தினாள்: "ஏ செவஸ்தி! மரம் மாதிரி நிக்கிறியே, எம் பொண்ணுக்கு வேர்க்குது பாரு, தண்ணி கொண்டா!"

கொடுத்தேன். அந்தப் பெண் குடித்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் குவளையை நீட்டினாள். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கப்பலில் திருட்டுப் போகும் என்று நீ விட்டுப்போன பெட்டியைத் திறந்தேன். காசுமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். ஐம்பது வயதில்! கல்யாணம் ஆகாதவள்தானே, குமரி வரிசையில் நிற்க எனக்கு என்ன தடை?

யாழ் வாசிக்கிறவன் நிறுத்திவிட்டான். ஃபூலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாதிரியார் எழுந்து வந்தார். "செவஸ்தி, நீ ரெண்டாவது பொண்ணு. இது யாரு குடுத்தாங்க?"

"அக்கா குடுத்தா. கடுதாசி போட்டிருக்கா. மாலையும் எனக்குத்தான், வீடும் எனக்குத்தான்."

அவ்வளவுதான் சொன்னேன். சிரிப்பு நின்றது. யாழ் மறுபடி தொடங்கியது. என் ஒரு பக்கத்துக் கையை நிகித்தாவின் மகள் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையை ஃபூலாவின் மகள் பிடித்துக்கொண்டாள். நான் ஆடினேன் அக்கா.

மறுநாளிலிருந்து எனக்குத்தான் முதல் காப்பி. "என்ன வீட்டுக்காரம்மா, சௌக்கியமா?" என்கிறார்கள். மூத்தவளுக்கு அம்மாவின் பொன், இளையவளுக்கு அம்மாவின் துடைப்பம் என்று ஊரில் சொல்வார்களே, அந்தத் துடைப்பத்தோடுதான் நான் ஐம்பது வருடம் இருந்தேன். அம்மாவைத் தூக்கி, திருப்பி, கழுவி, தலை வாரிவிட்டவள் நான். கடைசி நாளிலும் அவள் "ரிகோபூலா" என்றுதான் கூப்பிட்டாள். நான் "என்னம்மா" என்றேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்றால் அது பொய். இருந்தது. ஆனால் திருடியதும் பொய் சொன்னதும் நான்தான்.

நீ எப்போது வேண்டுமானாலும் வா. வருகிற தேதியை மட்டும் முன்கூட்டி எழுது. அதற்குள் நான் வயல் குடிசைக்குப் போய்விடுகிறேன். ஊரைக் கூட்டி நீயே உண்மையைச் சொல்லிக்கொள். அப்போது நான் அங்கே நிற்க வேண்டாம், அது ஒன்றுதான் கேட்கிறேன்.

செவஸ்தி

*

கார்பதோஸ்
1 டிசம்பர் 1987

அக்கா,

ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. கப்பல் நான்கு தடவை வந்துபோய்விட்டது. தபால்காரர் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார். "கடலு சரியில்லம்மா, அதான்" என்று அவரே சமாதானமும் சொல்கிறார். கடல் நன்றாகத்தான் இருக்கிறது.

திட்டியாவது ஒரு வரி போடு. என் துணியை மூட்டை கட்டிவிட்டேன். குடிசைக்குப் போகிறேன், பாதி வழியில் திரும்பி வருகிறேன், ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தேனா என்று பார்க்கிறேன். வைத்துத்தான் இருக்கிறேன்.

மாலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

செவஸ்தி

*

பால்டிமோர்
10 ஜனவரி 1988

செவஸ்தி,

மூன்று மாதம் நான் எழுதாததற்குக் காரணம் கடல் இல்லை, கோபம்தான். உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பையிலிருந்து பொறுக்கி ஒட்டிப் படித்தேன். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் நீ "என்னம்மா" என்று கேட்டதும் எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன். அடுத்த நாள் மறுபடி எடுத்தேன். இப்படியே கிறிஸ்துமஸ் போய்விட்டது.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு மாதம் தங்க வருகிறேன் என்று எழுதினேனே, அது பொய். அந்த வீட்டில் நிரந்தரமாக இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். உன்னை எங்கே வைப்பது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நீ வழக்கம்போல என் வேலைகளைச் செய்துகொண்டு ஒரு மூலையில் இருப்பாய் என்று நினைத்தேன். நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

கலியோப்பியிடம் வீட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் பெயருடையவள், அவளுக்குத்தான் அடுத்த உரிமை. "மா, எனக்கு எதுக்கு அது? சித்திதானே அங்க இருக்காங்க?" என்றாள். நமக்கு ஐம்பது வருடம் பிடித்த விஷயம் அவளுக்கு ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரத்தில் விளங்கிவிட்டது.

எந்தப் பருவம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். திருவிழாவுக்கு வந்தால், நானும் நீயும் ஒரே இடத்தில் இருப்போம். மூத்தவள் வந்துவிட்டாளே, மாலையைக் கழற்றடி என்று நூறு கண்கள் உன் கழுத்தையே பார்க்கும். தவக்காலத்தில் வருகிறேன். ஆட்டம் கிடையாது, பாட்டு கிடையாது, யாரும் பொன் போடமாட்டார்கள். கீரையும் பயறும் தின்றுகொண்டு, மழையில் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருப்போம். பயண அலுவலகத்துப் பெண் "அந்த மாசத்துல அங்க யாருமே போகமாட்டாங்களே" என்றாள். போட்டுத் தா என்றேன். மார்ச் முதல் வாரம் கப்பல். குடிசைக்குப் போனாயானால் காலை ஒடித்துவிடுவேன்.

சாவியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இத்துடன் இன்னொரு கடிதமும் இருக்கிறது. அதன் தேதியைப் பார்த்துக் குழம்பாதே, தபால் வந்து சேர மூன்று வாரம் கணக்கிட்டுப் போட்டிருக்கிறேன். பழசாகத் தெரிய ஜன்னல் வெயிலில் வைத்தேன், கொஞ்சம் காப்பியும் சிந்தினேன். உறை எங்கே என்று ஃபூலா கேட்டால் எலி தின்றுவிட்டது என்று சொல். பாதிரியாரிடமும் காட்டு. எழுதி முடிக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்தத் தேதியில் மினாஸ் உயிரோடு இருந்தார்.

அக்கா

*

பால்டிமோர்
14 ஜூலை 1985

அன்புத் தங்கை செவஸ்திக்கு,

அக்கா ரிகோபூலா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உனக்கு ஒரு செய்தி சொல்லவே இதை எழுதுகிறேன்.

அம்மாவின் வீட்டை உனக்கே கொடுத்துவிட்டேன். பெட்டியில் இருக்கும் காசுமாலையும் உனக்குத்தான். யார் சொல்லியும் இல்லை, மனமறிந்துதான் கொடுக்கிறேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் நீ. வழக்கம் வேறு மாதிரி இருந்தால் இருக்கட்டும். இந்த வருடம் மாதா திருவிழாவில் மாலையைப் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்று ஆடு. எவளாவது சிரித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

மினாஸ் நன்றாக இருக்கிறார். வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து தர்ப்பூசணி தின்றுகொண்டிருக்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார், சொன்னேன். "அடுத்த வருஷம் கண்டிப்பாப் போறோம்டி, எப்ப வந்தா நல்லா இருக்கும்னு உன் தங்கச்சியக் கேட்டு எழுது" என்கிறார்.

நீயே ஒரு நல்ல பருவமாகப் பார்த்துச் சொல். இருவரும் வருகிறோம்.

உன் அக்கா
ரிகோபூலா