மடங்காத மோதிர விரல்

பிப்ரவரி 6, வியாழன்

காலை முழுவதும் மருத்துவமனை வேலை. காது கேளாத ஒரு பெரியவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஆலோசனை. டாக்டர் வாயால் சொன்னதை நான் கையால் சொன்னேன். பெரியவர் கையால் திட்டியதை வாயால் சொன்னேன். டாக்டர் என்னை முறைத்தார். திட்டியது நானில்லையே ஐயா!

மாலையில் பாறையேற்றப் பயிற்சிச் சுவர். வழக்கமான மூவர்தான். பல் டாக்டர், கணக்கு வாத்தியார், நான். வாத்தியார் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், டீக்கடை பில்லைக் கூட்டத் தெரியாது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எங்கள் படிப்பையும் வேலையையும் விசாரித்துவிட்டு, "இவ்ளோ படிச்சுட்டு ஏன் சார் இப்படித் தொங்கறீங்க?" என்றாள்.

"க்ளாஸ்ல நான் தப்பாச் சொன்னாலும் தலையாட்டுவாங்கம்மா. பாறை ஆட்டாது," என்றார் வாத்தியார்.

பல் டாக்டர்: "நாள் பூரா அடுத்தவங்க வாயைப் பார்க்கறேன். இங்க ஏறறவங்க முதுகை மட்டும் பார்த்தாப் போதும்."

என்னையும் கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன். மொழியியல் படித்தேன், சைகை மொழி கற்றேன், பகலெல்லாம் என் கை அடுத்தவர் பேச்சுக்கு வாடகை போகிறது. பாறையில் மட்டும்தான் அது என் கை. இதை எப்படி அவளிடம் சொல்வது?

பதினெட்டாம் தேதி வழக்கு. தீ விபத்துச் சாட்சிக்கு நான்தான் கோர்ட் மொழிபெயர்ப்பாளர்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விரல் போச்சு.

பாறையின் பாதி உயரத்தில் நக அகலத்துக்கு ஒரு விளிம்பு. அதைப் பிடித்து எழும்பும்போது கால் வழுக்கியது. மொத்த உடம்பும் வலது மோதிர விரலில். 'டப்' என்று ஒரு சத்தம் — கீழே கயிறு பிடித்திருந்த பல் டாக்டருக்கே கேட்டதாம். மெதுவாக இறக்கினார். "கையை மூடு பார்ப்போம்." மற்ற விரல்கள் மடங்கின. மோதிர விரல் மட்டும் நட்டுக்கொண்டு நின்றது.

"வழக்கு எப்போ?" என்றார்.

"இன்னும் ஒன்பது நாள்," என்றேன்.

வீட்டில் அக்கா ஐஸ் வைத்துக்கொண்டே திட்டித் தீர்த்தாள். "எம்.ஏ. படிச்சது கல்லைக் கட்டிக்கிட்டு அழறதுக்காடி?"

பிப்ரவரி 10, திங்கள்

கை மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். விரலின் தசைநாணை எலும்போடு அணைத்துப் பிடிக்கும் பட்டை கிழிந்திருக்கிறது. ஒன்றரை மாதம் கட்டுப் போட வேண்டும். "சாதாரண வேலைக்கெல்லாம் பிரச்னையில்ல. என்ன வேலை பார்க்கறீங்க?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிப்ரவரி 12, புதன்

இதை எழுதிப் பார்த்தாலாவது தெளிவு வருமா?

தையல் ஆலைத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள். பின்கதவு பூட்டியிருந்ததா, சாத்தியிருந்ததா — வழக்கே அதில்தான் நிற்கிறது. பூட்டவே இல்லை, பதற்றத்தில் யாரும் தள்ளிப் பார்க்கவில்லை என்கிறார் மேலாளர். பூட்டியதைப் பார்த்தவள் ஒரே ஒருத்தி. நூல் பெட்டி எடுக்கப் பின்கதவுக்கு வெளியே முற்றத்துக்குப் போன தையல்காரப் பெண். பிறவியிலேயே காது கேளாது, பள்ளிக்குப் போனதில்லை. அவள் சைகைகள் அவள் வீட்டிலேயே முளைத்தவை. அவற்றைக் கற்க எனக்கு மாதங்கள் ஆயின. அவளும் அண்ணனும் தவிர, அந்த மொழி தெரிந்த மூன்றாவது ஆள் நான்.

அரசு வக்கீலுக்கு போன் செய்தேன், தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று. "கேட்டா குடுப்பாங்க. ஆனா அவ அண்ணனுக்கு மேலாளர் தரப்புல வேலை தர்றதா ஆள் வந்துட்டுப் போயிருக்காங்க. இன்னும் ஒரு மாசம் போனா, அவரே அவளைக் கூட்டிட்டு வரமாட்டார். ஏன் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல சார். லேசா சுளுக்கு."

லேசா! வாய் கூசவில்லையே எனக்கு.

பிப்ரவரி 14, வெள்ளி

கண்ணாடி முன் ஒத்திகை. அவள் மொழியில் பூட்டு என்றால் ஒரு கையின் முஷ்டியை மறு உள்ளங்கையில் வைத்துத் திருக வேண்டும். சாத்துவது என்றால் உள்ளங்கை மேல் உள்ளங்கை. இடது கையால் செய்தால் அவளுக்குக் குழம்புகிறது. அவளுக்கு இடது கை என்றாலே 'இல்லை'. என் வலது முஷ்டியோ மூட மாட்டேன் என்கிறது. அக்காவை எதிரே நிறுத்திச் செய்து காட்டினேன்.

"என்னடி இது, பூட்டா பூனையா?"

இருவரும் சிரித்தோம். பிறகு நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பல் டாக்டர் பாறைக்குப் போகாமல் இங்கே வந்தார். செயற்கைப் பல்லுக்கு அச்சு எடுக்கும் பொருளில் கோர்ட்டில் கட்டுக்குப் பதிலாக மாட்ட என் விரலுக்கு மெல்லிய உறை ஒன்று செய்து வந்திருந்தார். தோல் நிறத்தில், தூரத்திலிருந்து தெரியாதபடி. மாட்டிவிட்டு, "ஜட்ஜ்கிட்ட முதல்லயே சொல்லிடும்மா," என்றார்.

"சொன்னா ஒத்திவச்சிடுவாங்க டாக்டர்."

"சொல்லாம விட்டா?"

டீ போடுகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

முதல் நாள் தப்பித்தேன். அரசு வக்கீலின் கேள்விகள் எளியவை: எங்கே நின்றாய், என்ன பார்த்தாய். யாரும் விரலைக் கவனிக்கவில்லை, அவளைத் தவிர. இடைவேளையில் உறையைத் தொட்டு என்னவென்று கேட்டாள். பாறையில் கால் வழுக்கிய கதையைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அண்ணன் சுவரோரம் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டே இருந்தார்.

நாளை குறுக்கு விசாரணை.

பிப்ரவரி 19, புதன்

எழுத்து எப்படி வந்தாலும் சரி, நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. தேனாகப் பேசினார். நிறைய கேட்டுவிட்டுச் சாதாரணமாக, "கதவு எப்படி இருந்துச்சு? பூட்டியா, சும்மா சாத்தியா?" என்றார். சைகை செய்தேன். முஷ்டி மூடவில்லை. அவள் புருவம் சுருங்கியது. நான் கதவைச் சாத்தியதா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டாள் போல. 'ஆமாம், சாத்தியது' என்றாள்.

அவள் சொன்னதைச் சொல்வதுதான் என் வேலை. "சாத்தியிருந்தது," என்றேன்.

அறையே சலசலத்தது. வக்கீல் உட்காரப் போனார். அரசு வக்கீலின் முகம் வெளிறியது. அடிப்பாவி, வாயைத் திறடி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"ஐயா, கேள்வி அவங்களுக்குச் சரியாப் போய்ச் சேரல. தப்பு என் கையில."

வக்கீல் திரும்பினார். "நேத்தெல்லாம் நல்லா இருந்த கை, பதில் பிடிக்கலைன்னதும் கெட்டுப்போச்சா?"

உறையைக் கழற்றச் சொன்னார் நீதிபதி. கழற்றினேன். வீங்கிக் கருத்த விரல். "ஏம்மா முதல்லயே சொல்லல?"

"தேதி தள்ளிப்போயிடும்னு பயந்துட்டேங்கய்யா."

"அப்ப நேத்து சொன்னதுல எது சரி, எது தப்புன்னு இந்தக் கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்?"

ஆறு பேர் செத்த வழக்கு என் ஒற்றை விரலில் தொங்கியது.

இவ்வளவு நேரமும் அவளுக்கு யாருமே எதுவும் சொல்லவில்லை. கூண்டின் கம்பியைப் படபடவென்று தட்டினாள். நீதிபதி தலையசைத்ததும், முடிந்தவரை சைகையில் காட்டினேன்: என் விரல் கெட்டது, நீ சொன்னதை அவர்கள் நம்பவில்லை, கதவு.

என்னைப் பார்த்தாள். வக்கீலைப் பார்த்தாள். விறுவிறுவென்று கூண்டைவிட்டு இறங்கிவிட்டாள். காவலர் தடுக்கப் போனார். நீதிபதி கையமர்த்தினார். அவள் நேராக வாசலுக்குப் போய், வெளியே நின்று இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தினாள். பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம்.

நாங்கள் எல்லோரும் உள்ளே.

"திறப்பா," என்றார் நீதிபதி. டவாலிச் சேவகர் தள்ளினார். தோளைக் கொடுத்து இடித்தார். கதவு குலுங்கியதே தவிர திறக்கவில்லை. கொஞ்ச நேரம்தான். ஆனாலும் ஒருவர் எழுந்து ஜன்னலைப் பார்த்தார்.

தாழ்ப்பாள் விலகியது. அவள் உள்ளே வந்து, என் கையைப் பாராமல், நீதிபதியைப் பார்த்தே சைகையில் பேசினாள். நான் குரல் மட்டும் கொடுத்தேன்: "எனக்குக் கத்தினது கேக்கல. கதவு அதிர்றதைப் பார்த்தேன். கையை வச்சேன். அதிர்ந்துச்சு. பூட்டைப் பிடிச்சு இழுத்தேன், இழுத்தேன். சாவி மேலாளர் இடுப்புல. அவர் கேட் பக்கம் ஓடிட்டார். அப்புறம் கதவு அதிரல."

கடைசி வாக்கியம் நீதிபதிக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன்.

வக்கீல் ஆட்சேபம் தெரிவித்தார். சாட்சியத்தின் இரண்டு நாள் ஒளிப்பதிவையும் வேறொரு மொழிபெயர்ப்பாளர், அவளையும் அண்ணனையும் உடன் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு. வெளியே வரும்போது அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையின் பையைத் தூக்கிக்கொண்டார். அவர் போன் அடித்தது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

நீதிமன்றப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள், இந்த வழக்கு விசாரணை முடியும்வரை. நியாயம்தான். அக்கா இன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

கட்டு அவிழ்த்தாகிவிட்டது. விரல் முக்கால்வாசி மடங்குகிறது. மீதி வராது என்கிறார் மருத்துவர். பாறையடியில் உட்கார்ந்து வாத்தியார் ஏறுவதைப் பார்த்தேன். இறங்கி வந்து, "உனக்கு ஏறணும்னு இருக்கா, பயமா இருக்கா?" என்றார்.

"ரெண்டும்."

"சமன்பாடு சரிதான். எனக்கும் அதேதான்."

ஏப்ரல் 11, வெள்ளி

சரிபார்த்தவரின் அறிக்கை வந்தது. அந்த ஒரு கேள்வி தவிர மற்றதெல்லாம் சரி. அரசு வக்கீல் போனில் சொன்னார். மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஒரு நர்ஸ் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 21, சனி

போன வாரம் தீர்ப்பு. மேலாளருக்குச் சிறை. மேல்முறையீடு செய்வார்களாம், செய்யட்டும்.

அவள் வேறொரு ஆலையில் சேர்ந்திருக்கிறாள். இன்று வீடியோவில் கூப்பிட்டுத் தன் தையல் மிஷினைக் காட்டினாள். கதவை ஒட்டிய இடம். வெயில் அடிக்கும் என்று யாரும் கேட்காத இடமாம். இவள் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

நேற்று நீதிமன்ற அலுவலகத்திலிருந்து அழைப்பு. புது வழக்கு ஒன்று. நான் முதலில் சொன்னது, "வலது மோதிர விரல் முழுசா மடங்காது. தரப்புக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க." எழுதிக்கொண்டு, மாலையில் திரும்ப அழைத்தார்கள். வரச் சொல்கிறார்கள்.

நாளை பாறை. பல் டாக்டர் கயிறு பிடிக்கிறார். கை நிறையப் பிடி கிடைக்கிற வழி மட்டும்தான் ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் அதற்குக் குழந்தைப் பாதை என்று பெயர் வைத்திருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை எனக்குக் கோர்ட் இருக்கிறது.