கும்பிட வந்த மலை

அண்ணே,

நேற்று தோட்டத்து ஆபீஸுக்கு வெள்ளையடித்தார்கள். சுவரில் மாட்டியிருந்ததையெல்லாம் கழற்றி வாசலில் குவித்திருந்தார்கள். அதில் உன் வாழ்த்து மடலும் கிடந்தது. கண்ணாடி கீறி, ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. "ஒங்க அண்ணன் எழுதினதுதானே, எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, இல்லாட்டி அடுப்புக்குத்தான் போகும்," என்றார் காவல்காரர். அடுப்புக்கே போகட்டும் என்றுதான் வாயில் வந்தது. ஆனாலும் தூக்கி வந்துவிட்டேன். இப்போது அரிசிப் பெட்டியின் மேல் சாய்ந்து நின்று என்னை முறைக்கிறது. பார்த்தாயா, உன் பீடை எனக்கும் ஒட்டிக்கொண்டது. காகிதம் எங்கேயாவது முறைக்குமா?

அட்டன் கடைத்தெருவில் அட்டை கிழிந்த இலக்கணப் புத்தகம் ஒன்றை நீ வாங்கி வந்த நாளிலிருந்து பிடித்த பீடை அது. ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. வாயிலோ எந்நேரமும் அணி. "உவமைன்னா 'போல' இருக்கும் தங்கச்சி, மொகம் நெலாப் போல. உருவகம்னா அந்த 'போல'யத் தூக்கி எறிஞ்சிரணும். மொகமே நெலா." விளங்கத்தான் சொன்னாய், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கொழுந்தெடுக்கிற பெண்களின் விரல் காந்தள் மொட்டு என்று ஒரு பாட்டு எழுதினாயே! நான் என் கையை உன் மூக்குக்கு நேரே நீட்டினேன். கறையேறிக் கறுத்து, நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"இதுல எது காந்தள்?"

"நீ ஒரு கல்லு, தங்கச்சி."

"இது உருவகமா?"

"இல்ல, நெசம்."

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அந்த வருசம் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த மண்கரையில் விரிசல் விட்டது. கூரைத் தகரமும் ஓட்டை. மழை பெய்தால் அம்மா சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அந்த ஒற்றை அறைக் காம்பரா முழுக்க அலைவாள். மனு எழுதிக் கொடுத்தால் கணக்கப்பிள்ளையைத் தாண்டி அது துரையிடம் போகாது. சீமைக்கு லீவில் போயிருந்த துரை திரும்பி வருகிற நாள்தான் எங்களுக்கு இருந்த ஒரே வழி. அன்றைக்குத் தோரணம் கட்டி, மாலை போட்டு, மடல் வாசித்து அவர் கையிலேயே கொடுப்பது தோட்டத்து வழக்கம். அந்த மடலை நீதான் எழுதுவதாக இருந்தது, லயத்துப் பெண்கள் எல்லாரும் உன்னிடம் வந்தோம். "மடலோட கடைசியில நாலு வரி போதும். கூரை ஒழுகுது, மண்ணு சரியுது, மழைக்கு முன்ன செவரு கட்டிக் குடுங்கன்னு எழுது," என்றேன்.

உனக்கு வந்ததே கோபம்! "மாலையப் போட்டுட்டு மூஞ்சியில மண்ண அப்புறதா? இதுக்குத்தான் தற்குறிப்பேற்றம்னு ஒரு அணி இருக்கு. தானா நடக்குற ஒண்ணுக்கு நாம ஒரு காரணத்த ஏத்திச் சொல்றது. அறிவுள்ளவனுக்கு உள்ள இருக்குறது புரியும்."

வாசித்தாய். 'தங்கள் ஆட்சியில் நாங்கள் வாழும் அழகைக் காண மேகமும் எங்கள் கூரை வழியே எட்டிப் பார்க்கிறது. தங்கள் திருவடி தொழ மலையும் எங்கள் லயம்வரை இறங்கி வருகிறது.' பெரிய கிளாக்கர் அதை அப்படியே இங்கிலீசில் சொன்னார். துரை முகமெல்லாம் சிவக்கச் சிரித்தார். "மலைகூட என்னயக் கும்பிடுதான்னு கேக்குறாரு," என்றார் கிளாக்கர். எல்லாரும் கை தட்டினார்கள். வெட்கக்கேடு, நானும் தட்டினேன். அடுத்த வாரம் மடலுக்குக் கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டினார்கள். கூரை பழையபடி ஒழுகியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைக் கண்ணாடி போட்டுப் பார்த்த ஊர் நம் ஊர்தான்.

ஆடி மழையில் மலை நிஜமாகவே வந்தது. விடிகாலையில் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். பின்சுவர் அவள் மேல் சாய்ந்தது. உயிர் தப்பினாள், வலது கை நொறுங்கிப் போனது. எலும்பு கூடியும் விரல்கள் மடங்கவில்லை. கொழுந்தெடுக்க முடியாதவளின் பெயரைத் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

மலை சரிந்த மறுநாளே, காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், நான் துரைக்கு முன்னால் போய் நின்றேன். "தொரை, மலை கும்பிட வரல. சரிஞ்சு வந்துச்சு. எங்கம்மா கையி போச்சு. செவரு கட்டிக் குடுங்க." அவ்வளவு தமிழ் துரைக்குத் தெரியும். உன் தமிழுக்குத்தான் கிளாக்கர் தேவைப்பட்டார். அந்த மாதமே கருங்கல் சுவர் எழும்பியது. நீயோ, உன் மடல்தான் துரையின் மனசை முன்கூட்டியே இளக்கி வைத்தது என்று கடைத்தெருவில் சொல்லித் திரிந்தாய். அன்றைக்கு உன்னை வெறுத்தமாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அம்மா சாகும்வரை ராச்சோறு அவளுக்கு நீதான் பிசைந்து ஊட்டினாய். அந்த நேரத்தில் மட்டும் உன் வாயில் ஒரு அணியும் வந்ததில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகக் கிடந்தபோது, சாவுக்கும் ஏதாவது உருவகம் வைத்திருப்பாய் என்று எரிச்சலோடுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "தங்கச்சி, மண்ணு சரியுதுன்னே எழுதியிருக்கணும்," என்றாய். உன் வாழ்க்கையில் நீ சொன்ன ஒரே நல்ல வரி அதுதான். எழுதத்தான் இல்லை.

இன்று காலை மழை விட்டதும் கூடையோடு வெளியே வந்தேன். சுவருக்குப் பின்னால் அந்தச் சரிவு புல் மூடிக் கிடக்கிறது. வெறும் மண், தண்ணீர் ஊறி விழுந்தது, வேறு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை வருசமாய் அது தலை குனிந்து கும்பிட்டுக் கிடப்பதாகத்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது. துரையை அல்ல, பாவி. அம்மாவை.