முப்பதாம் பக்கத்து மீன்

அன்பு மகளுக்கு,

இந்த வருசம் வாசித்ததில் பிடித்த காதல் நாவல்கள் எவை என்று போனில் கேட்டாய். போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

மூன்று பிடித்தன. தபால்காரியின் கதை ஒன்று, கலங்கரை விளக்கக் காவலனின் கதை ஒன்று, ஐம்பது வயதில் நீச்சல் பழகுகிறவளின் கதை ஒன்று. மூன்றும் வெள்ளவத்தை வாடகை நூலகத்தில் எடுத்தவை. வாசித்ததையே மறுபடி தூக்கிப் போகாமலிருக்க, அங்கே ஆளாளுக்கு முப்பதாம் பக்கத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் போடுவோம். என்னுடையது சின்னப் பூ. இந்த மூன்றிலும் எனக்கு முன்பே யாரோ ஒரு மீன் வரைந்திருந்தார்கள். அதன் பிறகு மீன் உள்ள புத்தகங்களையே தேடி எடுத்தேன். வரைவது ஒரு பெண் என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் நூலகத்தில் என் பக்கத்தில் நின்று மீன் வரைந்தவர் கொட்டாஞ்சேனை சவுந்தரநாயகம். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். மனைவி இறந்து பத்து வருசமாம்.

"ஆம்பிளையளும் காதல் கதை வாசிக்கிறவையோ?" என்றேன்.

"நாப்பது வருசம் கப்பல் கடுதாசிதானே வாசிச்சன் டீச்சர். இனி இதுதான்."

இப்போது மாலைகளில் கடற்கரையோரம் நடந்தபடி கதைக்கிறோம். ரயில் இரைந்து போகும்போது இருவரும் பேச்சை நிறுத்துவோம். அது போன பிறகு நின்ற இடத்திலேயே கடலைப் பார்ப்போம், மகள்.

நேற்று அப்படி நின்றபோதுதான் கேட்டார்: "என்னைக் கலியாணம் முடிக்க விருப்பமோ, டீச்சர்?"

"ரெண்டு நாள் தாங்கோ" என்றேன்.

காலையில் அப்பாவின் படத்துக்குப் பூ வைக்கும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். இப்போது உனக்குச் சொல்கிறேன். நாளை மாலை அவரிடம் ஓம் என்று சொல்லப் போகிறேன்.

உன்
அம்மா