தலைக்கு மேலே ஊசிக்குரல்

சார்,

அலமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது நீங்கள் தந்த தீப்பெட்டி கையில் பட்டது. உள்ளே சில்வண்டு உரித்துப்போட்ட தோல், என் சுண்டுவிரல் நகத்தளவு. முதுகில் ஒரே கீறல். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

தாராவியில் என் தோல்பைப் பட்டறைக்கு வார் அறுந்த பையோடுதான் வந்தீர்கள். மாட்டுங்காவில் வீடு, ஆபீஸ் உத்தியோகம். பைக்குள்ளிருந்து இந்தத் தோலை எடுத்து, "உங்க தொழில்தான், எங்கேயாவது தையல் இருக்கா பாருங்கோ" என்றீர்கள். அதன்பின் ஞாயிறு காலைகளில் மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினால் போரிவலிக் காடுதான் நமக்கு.

பெரிய சில்வண்டின் இரைச்சல் எவன் காதிலும் விழும். உங்களுக்கு இந்தத் தோலை உரித்த சின்ன வகைதான் வேண்டும். பேரினம் ஒன்று, அதில் இனம் இரண்டு என்பீர்கள். மரப்பட்டையில் உட்கார்ந்தால் என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்று விட்டுவிட்டுப் பாடும். மற்றது ஊசிபோல் மெலிந்த குரலை விடாமல் இழுக்கும். "நமக்குத்தான் குழப்பம். அதுகளோட பொண்ணுக்கு ஆள் மாறவே மாறாது" என்பீர்கள்.

ஒரு கோடையில், ஊசிக்குரலின் வாயில் நுழையாத இங்கிலீஷ் பேரைச் சொல்லி, அது காட்டைவிட்டே போய்விட்டது என்றீர்கள். மழை பிடிக்கும்வரை தேடினோம். துக்கவீட்டுக்காரர் மாதிரி நடந்தீர்கள். நானோ ஊசிக்குரலைக் கேட்டுக்கொண்டேதான் வந்தேன்; நீங்கள் தேடுவது மூன்றாவது ஏதோ என்று நினைத்து வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு மரத்தடியில் அதன் பாட்டை வாயால் இழுத்துக் காட்டினீர்கள்.

"இதுவா சார்? தலைக்கு மேலதான கெடந்து கத்துது."

அண்ணாந்தீர்கள். காதில் கையைக் குவித்தீர்கள். ஒன்றும் விழவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கு ஏன்டா சொன்னோம் என்றாகிவிட்டது. நீங்கள் என் முதுகில் தட்டினீர்கள். "அப்போ அது போகலே ஓய். போனது என் காதுதான். நல்லதாப் போச்சு."

காது போனதற்கு முகம் மலர்ந்த மனிதரை நான் வேறு பார்த்ததில்லை. அதன்பின் நான் கேட்டு வாயால் பாட, நீங்கள் தலையாட்டியபடி மரம் மரமாக வந்தீர்கள்.

போன ஞாயிறு தனியாகப் போனேன். அதே மரம். விட்டுவிட்டுப் பாடுவது கேட்டது. மற்றதைக் காணோம். மரம் வெட்டுகிறவர்களை, கட்டடம் கட்டுகிறவர்களை எல்லாம் மனசுக்குள் ஏசினேன். அப்புறம்தான் உங்கள் நினைப்பு வந்தது. பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்ற அம்மாளிடம், இழுத்தாற்போல் ஒரு சத்தம் வருகிறதா என்று இந்தியில் கேட்டேன். காலையிலிருந்து காதைத் துளைக்கிறது, உமக்குக் கேட்கவில்லையா என்று சலித்துக்கொண்டாள்.

நல்லதாப் போச்சு என்றேன். ஒரு வெள்ளரிக்காய் வாங்கி, அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து தின்றேன், சார்.