திரும்பி வந்த கைக்கடிகாரம்

என் வீட்டுக்காரிக்கு அன்பும் மரியாதையும். நான் நலம். உன் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

கொடுக்க முடியாமல் கம்பெனிக்குத் திரும்பி வரும் பார்சல்களைப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை என்பது உனக்குத் தெரியும். நேற்று என் மேசைக்கு ஒரு கைக்கடிகாரம் வந்தது. நம் கல்யாண நாளுக்காக எங்கள் கம்பெனியிலேயே வாங்கி, உனக்குச் சொல்லாமல் நான் அனுப்பியது. டெலிவரிக்காரர் மேலே எழுதியிருந்தார்: "வாங்க மறுத்துவிட்டார். தன் கணவர் இப்படியெல்லாம் வாங்கித் தருகிற ஆள் இல்லை, இது ஏமாற்று வேலை என்கிறார்."

இத்தனை வருட அனுபவத்தில் சொல்லியிருக்கிறாய். மறுக்க வழியில்லை.

பணம் கட்டியவரைப் போனில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. மேலாளர் பக்கத்திலேயே நின்றார். கம்பெனி போனில் அழைத்தேன். என் சட்டைப்பையில் மணி அடித்தது.

"எடுய்யா. கஸ்டமரைக் காக்க வைக்கக் கூடாது," என்றார்.

எடுத்தேன். "சார், பணத்தைத் திருப்பித் தரட்டுமா, மறுபடி அனுப்பட்டுமா?"

"மறுபடியும் அனுப்புங்க," என்று பதிலும் நானே சொன்னேன்.

என்னிடம் ஒருவர் இவ்வளவு பணிவாகப் பேசி நாளாகிவிட்டது.

கம்பெனி பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். இந்தத் தடவை வாங்கிக்கொள். கட்டிக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு. கடிகாரத்தை நான் பார்த்தாயிற்று. முகம் தெரிகிற மாதிரி எடு.

உன் வீட்டுக்காரன்